எலி மண்டையில் ஒட்டும் லேசர் டாப்ளர் புரோப்: வாங்கலாமா?

பக்கவாத ஆய்வில் எலியின் நடு மூளைத் தமனி உண்மையிலேயே அடைபட்டதா என்று அந்த நிமிடமே சொல்லும் கருவி இது. சுமார் 780 நானோமீட்டர் லேசர் ஒளி, ஓடும் சிவப்பணுக்களில் பட்டு அலைவெண் மாறித் திரும்புவதைக் கணக்கிடுகிறது. அடைப்பு விழுந்தால் ரத்த ஓட்ட அளவு பழைய நிலையில் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்.

ஒட்டுவதில்தான் எல்லாமே. பிரெக்மாவுக்கு (மண்டையோட்டின் மேல் எலும்புத் தையல்கள் சந்திக்கும் புள்ளி) 2 மி.மீ. பின்னே, 5 மி.மீ. பக்கவாட்டில் எலும்பை டிரில்லால் மெலிதாக்குங்கள், துளைத்துவிடக் கூடாது. இடையிடையே குளிர்ந்த சலைன் விடாவிட்டால் சூட்டில் கார்டெக்ஸ் (மூளையின் மேலடுக்கு) கெடும். சுண்டெலிக்கு எலும்பு ஏற்கெனவே மெலிசு, டிரில் வேண்டாம். பெரிய ரத்தக்குழாய் மேல் வைத்தால் எண் அபாரமாக வரும், பயன் இருக்காது. சயனோஅக்ரிலேட் பசை, லேசரைக் கொண்டுசெல்லும் ஃபைபர் நுனிக்குள் கசிந்தால் சிக்னல் மங்கும். ஹோல்டரின் ஓரத்தில் மட்டும் தடவி, மேலே பல் சிமெண்ட் போடுங்கள்.

விழித்து நடமாடும் விலங்கில்தான் சறுக்கல். ஃபைபர் ஆடினாலே வரைபடம் எகிறும், அதை ரத்த ஓட்டம் என்று நம்பிவிடலாம். கேபிளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அசைவு நேரங்களை வெட்டிவிடுவதே வழி.

விளம்பரத்தில் அழுத்திச் சொல்லாதது: பார்ப்பது ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம்தான், வருவதும் ஒப்பீட்டு அலகுதான். இரண்டு எலிகளின் எண்களை நேரடியாக ஒப்பிடாதீர்கள், அந்தந்த எலியின் அடிப்படை அளவில் சதவீதமாக்குங்கள். மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேன் அளவை நடுவில் கூட்டினால் குழாய்கள் விரிந்து அடிப்படை அளவே நகர்ந்துவிடும். இறந்த விலங்கிலும் எண் பூஜ்யமாகாது. அந்த மிச்சத்தைக் கழிக்க வேண்டும்.

அடைப்பைச் சரிபார்க்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.