அப்பாவோடு இடையன்குடிக்கும் மெய்ஞ்ஞானபுரத்துக்கும்

கனடாவிலிருந்து ஊருக்கு வந்தால் கல்யாண வீடு, வங்கி, பத்திர ஆபீஸ் என்றே விடுமுறை தீர்ந்துபோகும். இந்த முறை அப்பாவை அவர் படித்து வளர்ந்த கிறிஸ்தவ மிஷன் ஊர்களுக்குக் கூட்டிப் போவதென்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, முழங்காலும் சரியில்லை. வயதான அப்பா அம்மாவோடு இந்தப் பக்கம் கிளம்புகிறவர்களுக்கு இது உதவும்.

பாளையங்கோட்டையிலேயே ஓட்டுநரோடு வண்டி எடுத்துக்கொண்டோம். கிலோமீட்டர் கணக்கு, பேட்டா, சுங்கம் எல்லாவற்றையும் முன்பே பேசி வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். எங்களுக்கு வாய்த்த தம்பி தங்கமான பிள்ளை. டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைத்திருந்தார். நிறுத்துகிற இடமெல்லாம் கதவோரம் அதைப் போட்டு, "ஐயா, மெதுவா காலை வைங்க" என்று கையையும் கொடுத்தார். அந்த முக்காலி இல்லையென்றால் அப்பா பாதி இடங்களில் வண்டியை விட்டே இறங்கியிருக்க மாட்டார்.

வெளிநாட்டு கார்டை நம்பிப் போகாதீர்கள். கனடா உட்பட சில நாட்டுக் கைபேசி எண்களை வெளிநாடுவாழ் இந்தியர் வைத்திருக்கும் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கோடு சேர்த்து யூபிஐ பயன்படுத்த 2023 முதல் வழியிருக்கிறது. உங்கள் வங்கி அதைச் செய்து தருகிறதா என்று கிளம்புமுன் கேட்டுவிடுங்கள். எதற்கும் கொஞ்சம் சில்லறை கையில் இருக்கட்டும்.

திசையன்விளை பக்கம் போகப் போக மண் சிவந்து, இரண்டு பக்கமும் பனை. 1841-இல் மிஷனரி கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தபோது இந்தத் தேரிக்காட்டில் என்ன இருந்திருக்கும்! அவர் நேராக அமைத்த தெருக்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. தூய திரித்துவ ஆலயத்தைக் கட்டி முடிக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆகி, 1880-இல்தான் பிரதிஷ்டை செய்தார்கள். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் மனைவி எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் தையலும் தொடங்கியதும் இந்த ஊரில்தான். அப்பாவின் பாட்டி அந்தத் தையலில் பிழைத்தவர். "அந்த வருமானம் இல்லைன்னா நான் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டேன்மா" என்று அப்பா ஆலயத்துக்குள் நின்று சொன்னார். எத்தனையோ வருஷம் போனில் பேசியும் இது எனக்குத் தெரியாது.

வழியில் முதலூரில் மஸ்கோத் அல்வா வாங்கினோம். தேங்காய்ப்பாலில் கிண்டுவது, நெய் கிடையாது.

மெய்ஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயக் கோபுரத்தின் உயரம் 192 அடி. ஊருக்குள் போகுமுன்பே பனைகளுக்கு மேலே தெரிந்துவிடும். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் 1837-இல் வந்து, 1870-இல் இறக்கும்வரை இங்கேயே ஊழியம் செய்தவர்.

போன ஊர்களில் எல்லாம் யாராவது வந்து ஆலயத்தைத் திறந்துவிட்டு, விளக்கைப் போட்டு, விசிறியைச் சுற்றவிட்டு, அப்பாவுக்கு ஒரு நாற்காலியும் போட்டார்கள். யாரும் காசு கேட்கவில்லை.

ஆனால் கழிப்பறை பெரும் பாடு. ஓர் இடத்தில் பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. இன்னோர் இடத்தில் குத்துக்கால் வைத்து உட்காரும் வகைதான் இருந்தது. பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. அப்பா மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். அந்த வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. படிக்கட்டிலும் அதே கதைதான்; சாய்தளமும் கைப்பிடியும் எல்லா இடத்திலும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து நாம் அசனத்துக்கும் (ஆலய விருந்து) கோபுர விளக்குக்கும் பணம் அனுப்புகிறோம். அடுத்த முறை உங்கள் சேகரத்துக்கு (குருவானவர் ஒருவரின் கீழ் உள்ள சபைகள்) அனுப்பும்போது, ஒரு மேற்கத்தியக் கழிப்பறைக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் சாய்தளத்துக்கும் என்று குறிப்பிட்டே அனுப்புங்கள். எங்கள் சேகரத்தில் குருவானவரிடம் பேசிவிட்டேன். கமிட்டியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கும் வேலையை அப்பா தானே எடுத்துக்கொண்டார்.