தொடை பருத்தவனின் பேன்ட் அனுபவம்

கடையில் பேன்ட்டுக்கு இருப்பது இரண்டே எண்கள்: இடுப்பு, நீளம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சீட், தொடை, முட்டி, கெண்டைக்கால் பற்றி லேபிளில் ஒரு வார்த்தை இருக்காது. ‘ஸ்லிம்’, ‘ரெகுலர்’, ‘ரிலாக்ஸ்டு’ என்று போட்டிருப்பார்கள். அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அர்த்தம் வைத்திருக்கிறது. எல்லாமே ஏதோ ஒரு சராசரிக் காலை மனதில் வைத்து வெட்டியவை. அந்தக் கால் யாருடையதோ, நிச்சயமாக என்னுடையது இல்லை.

எனக்கு இடுப்பு 33 அங்குலம். தொடையின் மேல்பகுதி 25, கெண்டைக்கால் 16-க்குக் கொஞ்சம் மேலே. இடுப்புக்கு வாங்கினால் தொடை பிடிக்கும், தொடைக்கு வாங்கினால் இடுப்பில் ஒரு கை உள்ளே போகும். பல வருடங்களாக சினோ (சாதாரணத் தையலில் வரும் பருத்தி பேன்ட்), ஜீன்ஸ், லினன், கார்கோ என்று மாற்றி மாற்றிப் போட்டதில், பாதியைத் தையல்காரரிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கியதில், ஒரே ஒரு விதிதான் மிச்சமாக நின்றிருக்கிறது. உடம்பில் எந்த இடம் பருமனோ அந்த இடத்துக்குப் பொருந்துவதை வாங்க வேண்டும், மீதியைப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். இருக்கிற துணியைக் குறைப்பது எளிது. தொடையில் இல்லாத துணியை எந்தத் தையல்காரராலும் வரவழைக்க முடியாது.

அதனால் கடைக்குப் போகும்போது இடுப்பு எண்ணை விட்டுவிட்டுத் தொடை அளவைக் கையில் வைத்துக்கொள்கிறேன். வீட்டில் நன்றாகப் பொருந்துகிற ஒரு பேன்ட்டைத் தரையில் சமமாக விரித்து, இரண்டு காலும் பிரியும் இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே குறுக்காக அளந்தால் பாதி அளவு கிடைக்கும். என்னுடையது பதிமூன்றரை. சுற்றளவில் 27, அதாவது தொடையைவிட இரண்டு அங்குலம் அதிகம். ஸ்ட்ரெச் இல்லாத துணிக்கு அந்த இரண்டு அங்குலம் கட்டாயம் தேவை, ஏனென்றால் உட்காரும்போது தொடை இன்னும் பரவும். அதே போல முட்டியையும் பாட்டத்தையும், அதாவது காலின் கீழ்வாயையும், அளந்து வைத்துக்கொள்ளலாம். முன்பக்க உயரம், அதாவது இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பிலிருந்து கால் பிரியும் இடம் வரை உள்ள நீளமும் முக்கியம். அது குறைந்தால் உட்காரும்போது பின்பக்கம் இறங்கிவிடும். அதிகமானால் துணி தொடைகளுக்கு நடுவே தொங்கும், நடையே கட்டுப்படும். பேன்ட் லூஸாக இருந்தும் நடக்க வசதியில்லை என்று தோன்றினால் பெரும்பாலும் காரணம் இந்தத் தொங்கல்தான்.

ட்ரையல் ரூமில் கண்ணாடி முன்னால் வயிற்றை இழுத்துக்கொண்டு நேராக நிற்பதால் ஒன்றும் தெரியாது. நான் பார்ப்பது சுருக்கங்களை. ஜிப்பின் அடியிலிருந்து இரண்டு தொடைக்கும் விசிறி மாதிரி கோடுகள் ஓடினால் தொடையிலோ கவட்டையிலோ துணி போதவில்லை. பக்கவாட்டுப் பைகளின் வாய் பிளந்து நின்றால் ஹிப் டைட், பட்டன் எவ்வளவு சுலபமாகப் போட முடிந்தாலும் சரி. பின்னால் சீட்டுக்குக் கீழே துணி அடுக்கடுக்காகத் தொங்கினால் பின்பக்கம் துணி அதிகம். சீட் தட்டையாக இருப்பவர்களுக்கு இது எப்போதும் வரும். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். எழுந்த பிறகு பேன்ட் தானாகக் கீழே இறங்குகிறதா, கெண்டைக்காலில் சிக்கி நிற்கிறதா? காலை உதறினால்தான் இறங்கும் என்றால் அந்தப் பேன்ட்டை வாங்காதீர்கள். போடும் நாளெல்லாம் உதறிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இடுப்புக்கு வருவோம். பேன்ட்டின் பின்பக்க நடுத்தையலைப் பிரித்துப் பிடித்தால் ஒன்றரை அங்குலம் வரை வெளியில் தெரியாமல் குறையும், இரண்டு வரைகூடச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, பக்கத்தையல் பின்னால் நகர்ந்து, பார்த்தவுடன் தெரிந்துவிடும். வாங்கும் முன்னால் பட்டியின் பின்பக்கம் நடுவில் தையல் இருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. ஃபார்மல் பேன்ட்களில் அந்த இடத்தில் தையல் இருக்கும், பெரும்பாலும் உள்ளே கொஞ்சம் துணியும் விட்டிருப்பார்கள். ஜீன்ஸிலும் பல சினோக்களிலும் பட்டி ஒரே நீளத் துண்டு. என் தையல்காரர் அப்படிப்பட்டதைக் கையில் வாங்கியதும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது ஒரே பட்டி சார், வெட்டித்தான் இணைக்கணும். பெல்ட் போட்டா தெரியாது, போடலன்னா தெரியும்” என்பார். நடுவில் இருக்கும் பெல்ட் லூப்பைக் கழற்றி, புதுத்தையலின் மேலேயே திரும்ப வைத்துத் தைத்துத் தந்தார். பெல்ட் போடாமலும் தெரியவில்லை.

பாட்டத்தைக் குறைப்பதில்தான் பேன்ட்கள் அதிகம் கெடுகின்றன. ‘கீழே மட்டும் கொஞ்சம் பிடிச்சு விடுங்க’ என்று எல்லாரும் சொல்வோம். என் மாதிரிக் கெண்டைக்கால் பருத்தவர்களுக்கு முட்டிக்குக் கீழே நேராக விட்டு, கெண்டையின் கொழுத்த பகுதி தாண்டிய பிறகுதான் குறைக்கத் தொடங்க வேண்டும். முட்டியிலிருந்தே சரிவாகப் பிடித்தால் கெண்டை முட்டிக்கொள்ளும், பின்பக்கத் துணி அங்கேயே தங்கி, முன்பக்கம் முன்னங்கால் எலும்பின் மேல் ஒட்டும். இன்னொன்று, உள்தையலிலும் வெளித்தையலிலும் சமமாகப் பிடிக்க வேண்டும். ஒரே பக்கத்தில் எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நாலு துவைப்பில் கால் முறுக்கிக்கொண்டு, பக்கத்தையல் முன்னால் வந்து நிற்கும். ஜீன்ஸில் ஒரு பக்கம் மடித்து இரட்டைத் தையல் போட்டிருப்பதால் பலர் அதைத் தொட மாட்டார்கள், சாதாரணத் தையல் இருக்கும் பக்கத்தில் மட்டும் எடுப்பார்கள். அப்படியானால் சுற்றளவில் ஒரு அங்குலத்துக்கு மேல் கேட்காமல் இருப்பதே நல்லது. பாட்டம் எவ்வளவு வேண்டும்? ஸ்ட்ரெச் இல்லாத துணியில் 13 அங்குலத்துக்குக் கீழே போனால் குதிகால் நுழையவே சிரமப்படும். எனக்கு 15 சரியாக இருக்கிறது. தொடை பெரிதாகவும் பாட்டம் ரொம்பச் சின்னதாகவும் இருந்தால் உருவமே தலைகீழ் முக்கோணம் போல ஆகிவிடுகிறது, இது என் கண்ணுக்குப் பட்ட அபிப்பிராயம்.

என் அண்ணனுக்கு நேர் எதிர்ப் பிரச்சனை. கால் இரண்டும் ஒல்லி, சீட்டும் தட்டை. ஒல்லிக் காலுக்கு ஒட்டிய பேன்ட்தான் பொருத்தம் என்று கடைக்காரர்கள் எடுத்துப் போடுவார்கள், போட்டால் கால் இன்னும் ஒல்லியாகத்தான் தெரியும். அவருக்கு நன்றாக அமைந்தது நேராக இறங்கும் கனமான ட்வில் (சாய்கோடு நெசவு) துணி, கீழே ஒன்றரை அங்குலத்துக்கு வெளிமடிப்பு. மடிப்பின் எடை துணியைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது, கால் காற்றில் ஆடவில்லை. பின்பக்க நடுத்தையலையும் தொடையின் உள்பக்கத்தையும் கொஞ்சம் எடுத்ததில் சீட்டுக்குக் கீழே இருந்த தொங்கல் போய்விட்டது. மெல்லிய ஸ்ட்ரெச் துணியை அவர் இப்போது தொடுவதே இல்லை.

முட்டி வெளியே வளைந்த கால்களும், முட்டி இரண்டும் உள்ளே தொட்டுக்கொள்ளும் கால்களும் வேறு வகை. வளைந்த காலில் துணிக்கு வெளிப்பக்கம் நீளம் அதிகம் தேவை, உள்பக்கம் மிஞ்சும்; முட்டி தொடும் காலில் இது அப்படியே மாறும். ரெடிமேட் பேன்ட்டில் இந்த நீளத்தைச் சரிசெய்யத் துணி இருக்காது. செய்யக்கூடியது ஒன்றுதான்: முட்டியிலிருந்து பாட்டம் வரை ஏறக்குறைய ஒரே அகலத்தில் இறங்குகிற வெட்டு, கொஞ்சம் தடித்த துணி, நடுக்கோடு போட்டு இஸ்திரி செய்யாமல் விடுவது. நடுக்கோடு இருந்தால் வளைவு எங்கே தொடங்குகிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். என் நண்பர் ஒருவர் இதற்காகவே அளவெடுத்துத் தைத்துக்கொள்கிறார். அவர் நிற்கும் நிலையைப் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் பார்க்காமல் நாடாவை மட்டும் சுற்றி அளவெடுக்கிற தையல்காரரிடம் அவர் மறுபடி போவதில்லை.

எனக்கு நன்மை செய்த இன்னொரு விஷயம் முன்ப்ளீட், அதாவது பட்டிக்குக் கீழே முன்பக்கம் வைக்கும் மடிப்பு. பழைய ஃபேஷன் என்று ஒதுக்கியிருந்தார்கள், இப்போது திரும்ப வருகிறது. நிற்கும்போது மூடியிருக்கும், உட்காரும்போது விரிந்து தொடைக்கு இடம் தரும். ஒரு காலுக்கு ஒரு ப்ளீட் போதும். நிற்கும்போதே அது வாய் திறந்திருந்தால் ஹிப் டைட் என்று அர்த்தம்.

துணி விஷயத்தில் 98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் எலாஸ்டேன் (இழுபடும் நூல்) கலந்தது முதல் வருடம் சொர்க்கம். பிறகு முட்டியில் பை விழும், காலையில் இருந்த பொருத்தம் சாயங்காலம் இருக்காது. அதிகச் சூடு எலாஸ்டேனுக்கு ஆகாது என்பதால் மெஷின் ட்ரையரில் போடாமல் நிழலில் உலர்த்துகிறேன், அது ஆயுளைக் கொஞ்சம் நீட்டித்திருக்கிறது. முழுப் பருத்திக்குச் சுருக்கம் உண்டு. துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கும் சான்ஃபரைஸ் முறைக்கு சான்ஃபோர்டு க்ளூவெட் 1930-இல் காப்புரிமை வாங்கியதிலிருந்து இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் எல்லாத் துணியும் அப்படி வருவதில்லை. 30 அங்குல உள்கால் நீளத்தில் 2 சதவீதம் சுருங்கினாலே அரை அங்குலத்துக்கு மேல் போய்விடும். அதனால் இரண்டு முறை துவைத்து உலர்த்திய பிறகுதான் கீழ்மடிப்புக்குக் கொடுக்கிறேன், அதுவும் அந்தப் பேன்ட்டோடு வழக்கமாகப் போடுகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு.

தொடை உரசுகிறவர்களுக்குப் பேன்ட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது உள்தொடை. மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்கும்போது அங்கே மட்டும் நூல் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரியும். கிழிந்த பிறகு கொடுப்பதைவிட அந்த நிலையிலேயே கொடுத்துவிட வேண்டும். உள்ளே மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை முட்டை வடிவில் வைத்து, அதே நிறத்து நூலில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டித் தைத்தால் பேன்ட் இன்னும் நீண்ட நாள் உழைக்கும். சதுரமாக வெட்டி வைத்தால் மூலைகள் தோலில் குத்தும், அந்த விளிம்பிலேயே அடுத்த கிழிசலும் வரும். தொடை லூஸாக வாங்கியவை டைட்டாக வாங்கியவற்றைவிடத் தாமதமாகத் தேய்கின்றன.

பிடித்துத் தைக்கக் கொடுக்கும்போது “துணியை வெட்டிடாதீங்க, உள்ளேயே விடுங்க” என்று சொல்லிவிடுவது உண்டு. இடுப்பு ஒரு அளவில் நிற்பதில்லை. இடையில் எடை ஏறியபோது அந்தத் துணிதான் இரண்டு சினோக்களைக் காப்பாற்றியது. பிரித்து விட்ட இடத்தில் பழைய தையல் துளைகளும் வெளுக்காத ஒரு கோடும் தெரிந்தன, அடர்நிறத்தில் அதுவும் கொஞ்ச நாளில் மங்கிவிட்டது. பாட்டத்தில் மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் விட வேண்டாம், நடக்கும்போது தடிப்பாகக் காலில் இடிக்கும்.

ஜீன்ஸில்தான் இன்னும் சமரசம். அதில் பிரித்துவிட உள்ளே துணியே இருக்காது, எடுத்த பிறகு அந்தத் தையலின் வெளுத்த ஓரமும் போய்விடுகிறது. அதனால் ஜீன்ஸை மட்டும் தொடை, சீட் இரண்டுக்கும் அப்படியே பொருந்தி, இடுப்பில் ஒரு அங்குலத்துக்கு மேல் லூஸ் இல்லாமல் கிடைத்தால் எடுக்கிறேன், இல்லையென்றால் சினோவோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.