பக்கிக்கு எந்த எஞ்சின்: ஹோண்டாவா, ஓட்டோவா?

ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுப்பாதைகளில் ஓடிய என் பக்கியின் (கரடுமுரடான பாதையில் ஓடும் சிறிய நாலுசக்கர வண்டி) பழைய எஞ்சின் இந்த மாரியோடு மூச்சை விட்டுவிட்டது. இப்போது கண்முன் நிற்பவை இரண்டு: ஜெனரேட்டர், நீர்ப்பம்பு போன்றவற்றில் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ் 390, அல்லது முச்சக்கர ஓட்டோவிலிருந்து கழற்றி விற்கும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்.

ஹோண்டா 389 சிசி. 3600 சுற்றில் ஏறத்தாழ 11.7 குதிரைவலு, எடை 32 கிலோவுக்குள். நான்கு போல்டில் உட்கார்ந்துவிடும். காற்று வடிகட்டியின் வெளிப்பஞ்சைச் சவர்க்கார நீரில் அலசினால் நம் செம்மண் புழுதி தேநீர் நிறத்தில் இறங்கும். பராமரிப்பு அவ்வளவு எளிது. ஆனால் கியரும் இல்லை, ரிவர்ஸும் இல்லை. கிளட்ச், சங்கிலி எல்லாம் தனிச் செலவு. குளக்கட்டுச் சரிவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினால், எண்ணெய் குறைவைக் கவனிக்கும் சுவிட்ச் எஞ்சினை அணைத்துவிடும். சிலர் அந்த வயரையே பிடுங்கிவிடுகிறார்கள். குரைக்கிறது என்று காவல் நாயைத் துரத்துகிற வேலை!

ஓட்டோ எஞ்சின் 200 சிசி அளவுதான், வலுவும் சற்றுக் குறைவு. ஆனால் நான்கு முன் கியர், ஒரு ரிவர்ஸ், வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. வயல் வரம்போரம் முன்சக்கரம் புதைந்த அன்று, முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளியவனுக்குத்தான் ரிவர்ஸின் அருமை தெரியும். கிளட்ச் தட்டு தேய்ந்தாலும் கிளிநொச்சிக்குப் போய் வாங்கிவிடலாம்.

எனக்கு ஓட்டோதான். எஞ்சின் உட்காரும் சட்டத்தை வெட்டி ஒட்டுவதோடு, குளிரூட்டும் தகடுகளில் சேறு அடையாதபடி ஒரு மறைப்பும் வைக்க வேண்டும்.