ஸ்பெயின் மாதிரி ஆடுகிற அணியை மடக்க: மொராக்கோ வழியா, சிலி வழியா, ஜப்பான் வழியா?

பதினேழு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் காலிறுதியில் எங்களுக்கு வாய்த்தது, பந்தை எதிராளி தொடவே விடாமல் பாஸ் போட்டுக்கொண்டே இருக்கிற ஒரு அணி. அதற்கு முந்தைய இரண்டு இரவும் உட்கார்ந்து, ஸ்பெயின் தோற்ற ஆட்டங்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன். பார்த்த வரையில் மூன்று வழி தெரிந்தது. நான் எடுத்தது ஜப்பான் வழி. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: பாக்ஸுக்கு, அதாவது கோலுக்கு எதிரே உள்ள பெனால்டி கட்டத்துக்கு, முன்னால் ஆட்களை நிரப்பிவிட்டுக் காத்திருப்பது. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யா ஐந்து டிஃபெண்டர்களோடு அதைச் செய்தது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் மொராக்கோ நான்கே பேரோடு, அவர்களுக்கு முன்னால் நடுக்கள வீரர் அம்ராபத்தை நிறுத்தி, நடுப்பகுதியை இறுக்கி மூடியது. இரண்டு ஆட்டத்திலும் ஸ்பெயின் ஆயிரத்துக்கு மேல் பாஸ் போட்டது. இரண்டிலும் ஆட்டம் சமனாகி, பெனால்டி ஷூட்அவுட்டில் வெளியேறியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரஷ்யா 12-வது நிமிடமே தன் கோலில் தானே பந்தை விட்டுவிட்டது. ஸ்பெயின் டிஃபெண்டர் பிக்கேயின் கையில் பந்து பட்டு பெனால்டி கிடைத்திருக்காவிட்டால் அந்தத் திட்டம் அன்றே முடிந்திருக்கும். மொராக்கோ ஆட்டத்தில் எக்ஸ்ட்ரா டைமின் கடைசி நொடிகளில் ஸ்பெயினின் சராபியா அடித்த பந்து போஸ்டில் பட்டு வெளியே போனது. போஸ்டை நம்பிப் பையன்களை இறக்க எனக்கு மனம் வரவில்லை. காத்திருந்து தொண்ணூறு நிமிடத்துக்குள்ளேயே ஜெயித்தவர்களும் உண்டு. 2010-ல் டர்பனில் சுவிட்சர்லாந்து 1-0. ஆனால் அந்தக் கோப்பையைத் தூக்கியது ஸ்பெயின்தான்.

இரண்டாவது, மேலேறிப் போய் அவர்கள் பாக்ஸ் வாசலிலேயே கழுத்தைப் பிடிப்பது, அதாவது பிரெஸ் செய்வது. 2014 உலகக் கோப்பையில், பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் சிலி 2-0. ஸ்பெயினின் சாபி அலோன்சோ தவறவிட்ட ஒரு பந்திலிருந்து நாலைந்து தொடுதலில் வர்காஸ் கோல் போட்டார். பார்க்கப் பார்க்க ரத்தம் சூடேறுகிற ஆட்டம், எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். ஆனால் அதே சிலி, 2010-ல் பியல்சாவின் பயிற்சியில், அதே ஸ்பெயினை அதே துணிச்சலோடு பிரெஸ் செய்து 2-1 என்று தோற்றது. முன்னேறி நின்ற அணிக்குப் பின்னால் வந்த நீளமான பந்தைத் தடுக்க கோல்கீப்பர் பிராவோ வெளியே ஓடிவர, ஸ்பெயினின் வில்லா தூரத்திலிருந்தே காலி கோலுக்குள் தட்டிவிட்டார். 2014-ல் வந்த ஸ்பெயினோ, ஐந்து நாள் முன்பு நெதர்லாந்திடம் 5-1 வாங்கி ஏற்கெனவே நொறுங்கிப்போன அணி. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இங்கேதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம் வருகிறது: கால்களில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது. லீகில் வாரம் ஒரு ஆட்டம். கோப்பைப் போட்டியில் நாலைந்து நாளுக்கு ஒன்று. பிரெஸ் செய்வது காலைத் தின்னும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2014 சிலி, அதற்குப் பின் பிரேசிலோடு 120 நிமிடம் ஆடியபோது, காயத்தோடு ஆடிய டிஃபெண்டர் மெடெலைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் காத்திருப்பது ஓய்வு என்று நினைக்கிறார்களே, அதுதான் பெரிய தப்பு. பந்து ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் பத்துப் பேரும் ஒருசேர நகர வேண்டும். நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும். தொடையின் பின்பக்கம்தான் முதலில் பிடிக்கும். மொராக்கோ ஸ்பெயினோடு 120 நிமிடம், நான்கு நாளில் போர்ச்சுகலோடு இன்னொரு ஆட்டம், அடுத்த நான்கு நாளில் பிரான்ஸ். அந்த அரையிறுதிக்கு அறிவித்த அணியிலிருந்த டிஃபெண்டர் அகெர்டால் இறங்கவே முடியவில்லை. கேப்டன் சாயிஸ் 21-வது நிமிடமே வெளியேறினார். ஸ்பெயினை ஜெயித்ததற்கான விலையில் ஒரு பங்கு அது என்றே நினைக்கிறேன்.

அதே 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்த ஜப்பான் இரண்டையும் சேர்த்தது. முதல் பாதி முழுக்க ஐந்து பேர் பின்னால். ஸ்பெயினின் மொராட்டா 11-வது நிமிடம் கோல் போட்ட பிறகும் பதறி மேலேறவில்லை. இடைவேளையில் பயிற்சியாளர் மொரியாசு இரண்டு புதுக் கால்களை இறக்கினார்: தோவான், மித்தோமா. ஆட்டம் தொடங்கியதும் முன்கள வீரர் மாயேதா நேராக ஸ்பெயின் கோல்கீப்பர் உனாய் சிமோன் மேல் பாய்ந்தார். சிமோன் அவசரத்தில் டிஃபெண்டர் பால்டே பக்கம் தூக்கிப் போட, ஜப்பானின் ஜுன்யா இட்டோ மோதித் தட்டிய பந்து தோவான் காலுக்கு வந்தது. 48-வது நிமிடம் சமன். 51-ல், எல்லைக்கோட்டை விட்டுப் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த பந்தை மித்தோமா திருப்ப, தனாக்கா உள்ளே தள்ளினார். பிறகு திரும்பவும் கதவடைப்பு. மொத்த ஆட்டத்தில் ஜப்பானிடம் பந்து இருந்தது 18 விழுக்காடுகூட இல்லை. கூட்டமாகப் பாய்ந்து பிடிக்கிற அந்த வேகத்தைச் செலவழித்தது ஆறேழு நிமிடம்தான். எக்ஸ்ட்ரா டைமும் இல்லை.

எங்கள் ஆட்டத்தில் இடைவேளைக்கு விசில் அடித்ததும் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டு பையன்களைப் பார்த்தேன். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கும்போது நிமிர்ந்து நிற்கிறவன் யார், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்கிறவன் யார். குனிந்து நின்ற இரண்டு முன்கள ஆட்களையும் உட்காரவைத்து, பெஞ்சிலிருந்து இரண்டு பேரை இறக்கினேன். கோல்கீப்பருக்குப் பின்பாஸ் போனால் மட்டும் பாய வேண்டும், மற்ற நேரம் தன் இடம் என்றேன். இரண்டாவது பாதியின் நான்காவது நிமிடம் அவர்கள் கீப்பர் தடுமாறினான். 1-0, அதோடு முடிந்தது.

ஒரே ஆட்டத்தை வைத்துப் பெரிதாகப் பேச எனக்கு உரிமை இல்லை. பெஞ்சில் நல்ல வேகம் இல்லாத அணிக்கு மொராக்கோ வழியே பாதுகாப்பு என்றுகூடத் தோன்றுகிறது. இன்னொன்று, 2024 யூரோவை, அதாவது ஐரோப்பியக் கோப்பையை, வென்ற ஸ்பெயின் வேறு மாதிரி. இரண்டு ஓரத்திலும் யமாலும் நிக்கோ வில்லியம்ஸும் நேராக ஆளைத் தாண்டி ஓடுகிறார்கள். பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த பழைய அணியைப் போல, இவர்களை முதல் பாதி முழுக்கக் காத்திருந்து சமாளிக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். அப்படி ஒரு ஓரத்து ஆட்டக்காரனை எங்கள் பையன்கள் இன்னும் எதிர்கொள்ளவில்லை.