என்பிடி சேவையகம்: பழைய முறையா, புதிய முறையா?

ஹட்டன், நுவரெலியா பகுதிகளில் வன்தட்டு இல்லாத கணினிகளை ஒரே சேவையகத்தின் வட்டிலிருந்து இயக்க விரும்பும் பாடசாலைக் கணினிக்கூடங்கள், என்பிடி (ஒரு கணினியின் வட்டை வலையமைப்பு வழியே மற்றக் கணினிகளுக்குத் தரும் மென்பொருள்) சேவையகத்தின் பழைய இணைப்பு முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பழைய முறையில் ஒவ்வொரு வட்டுக்கும் தனித்தனி போர்ட் (வலையமைப்பு வாயில்) தேவைப்பட்டது. கணினி இணைந்தவுடன், எந்த வட்டு வேண்டும் என்று கேட்காமலே சேவையகம் அந்தப் போர்ட்டுக்குரிய வட்டின் அளவை அனுப்பிவிடும். 2.9.17ஆம் பதிப்பில் வந்த புதிய முறையிலோ, எல்லா வட்டுகளும் 10809 என்ற ஒரே போர்ட்டில் கிடைக்கின்றன. கணினி தனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. ஃபயர்வோலில் (வலையமைப்புப் பாதுகாப்புத் தடுப்பில்) ஒரு வாயிலைத் திறந்தால் போதும் என்பது, ஆசிரியர் ஒருவரே வலையமைப்பையும் கவனிக்கும் சிறு கூடங்களுக்குப் பெரும் ஆறுதல்.

எனினும் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது பிற்காலத்தில் வந்த திருத்தமே. சேவையகம் ஒரு கோரிக்கையை ஏற்க முடியாதபோது இணைப்பையே துண்டிக்காமல், மறுப்பைத் தெரிவித்துவிட்டு உரையாடலைத் தொடர அது வழிசெய்தது. வட்டுகளின் பட்டியலைப் பெறுவதும், டிஎல்எஸ் மறைகுறியாக்கத்துக்கு (வழியில் பிறர் படிக்க முடியாதபடி தரவை மறைத்து அனுப்பும் முறைக்கு) மாறுவதும் அதன் பிறகே இயன்றன. பழைய முறையில் தரவு மறைகுறியாக்கமின்றியே செல்லும்; மாணவர் பதிவுகள் உள்ள வட்டுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படும்போது எழுதிய தரவு வட்டில் உறுதியாகப் பதிந்திருக்க வேண்டுமானால், எம்முறையாயினும் ஃப்ளஷ் அமைப்பை (நினைவகத்தில் காத்திருக்கும் தரவை வட்டில் எழுதவைப்பதை) தனியே இயக்கிவைக்க வேண்டும்.