மருந்தின் பெயரைச் சொல்லாத இடத்தில் இரண்டாவது குழந்தைக்கு மருந்து வாங்காதீர்கள்

இரண்டாவது குழந்தைக்காக டாக்டரைப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுடைய கணவர்களும் படித்தால் நல்லது. எனக்குப் பதினோரு மாதமும் 2,14,000 ரூபாயும் போனது. பணத்தைவிட அந்தப் பதினோரு மாதம்தான் மனசை அறுக்கிறது. ஆரம்பித்தபோது வயது 34. இப்போது 35 முடிந்துவிட்டது.

நாங்கள் கரூர். கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நான் ஜவுளி ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பில் சரிபார்க்கிறேன். மகளுக்கு ஆறு வயது. கல்யாணமான நாலாவது மாதமே தங்கிவிட்டாள், சிசேரியன். அதனால் அடுத்ததும் நினைத்தபோது நிற்கும் என்றுதான் இருந்தோம். இரண்டு வருடம் பார்த்தோம், நிற்கவில்லை. இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. "ஒண்ணு இருக்கில்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். அந்தக் கூச்சத்தில் உள்ளூரில் யாரிடமும் காட்டாமல், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய், வேறு ஊரில் பெரிய போர்டு வைத்திருந்த கருத்தரிப்பு மையம் ஒன்றில் சேர்ந்தோம். புகார் கொடுத்திருப்பதால் அதன் பெயரை இங்கே போடவில்லை.

முதல் நாள் ரிசப்ஷனில் கேட்ட முதல் கேள்வி, "மூத்தது பொண்ணா, பையனா?" பெண் என்றதும், "பையனுக்குன்னு தனியா ஒரு பொடி இருக்கு, டாக்டர்கிட்ட கேக்காதீங்க, எங்ககிட்ட கேளுங்க" என்றார்கள். அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்பது கணவரின் விந்தணுவில் இருந்து வருவது. எந்தப் பொடியும் அதை மாற்றாது. கரு உண்டாவதற்கு முன்னால் பால் தேர்வு செய்து தருகிறேன் என்று சொல்வதே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொடி வேண்டாம் என்றேன், ஆனால் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்தார். ரத்தத்தில் ஏ.எம்.எச். என்று ஒரு பரிசோதனை. 1.6 வந்தது. "முட்டை தீர்ந்துக்கிட்டு வருது, இனி ஒரு மாசத்தைக்கூட விடக்கூடாது" என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்த எண் முட்டைகளின் கையிருப்பைப் பற்றியும், ஊசி போட்டால் எத்தனை முட்டை வளரும் என்பதைப் பற்றியும்தான் சொல்லும், இயல்பாகக் கரு தங்குமா தங்காதா என்பதைச் சொல்லாது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 34 வயதில் 1.6 என்பது பயப்பட வேண்டிய எண்ணும் இல்லை. ஆனால் ஒருவரைப் பயமுறுத்தி உட்காரவைக்க நல்ல எண்.

அப்புறம் மாத்திரை. அட்டையோடு தரவில்லை. அட்டையிலிருந்து பிரித்து, வெள்ளைக் காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் "2ஆம் நாள் முதல் 5 நாள், இரவு 2" என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லை. கேட்டால், "முட்டை வளர்ற மாத்திரைதான் மேடம்" என்றார்கள். ஒரு கவர் 1,800 ரூபாய். மாதாமாதம் ஒரு கவர், ஏழு மாதம். ஒவ்வொரு மாதமும் நாலு ஸ்கேன்.

மூன்றாவது மாதத்தில் கண் மங்கியது. வேலை முடிந்து இரவு பஸ்ஸில் வரும்போது, எதிரே வந்த லாரி கடந்து போன பிறகும் அதன் விளக்கு கண்ணுக்குள்ளேயே நின்றது. சில நேரம் ஓரத்தில் மினுக் மினுக்கென்று வெளிச்சம் தெரியும். சொன்னேன். "கம்ப்யூட்டர் பாக்கறீங்கல்ல, அதான்" என்று சொல்லி அடுத்த கவரைக் கொடுத்தார்கள். அது குளோமிஃபீன், நாளுக்கு 100 மில்லிகிராம் என்று கடைசியில் என் கோப்பு கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அந்த மாத்திரையில் கண் மங்கினாலோ மின்னினாலோ உடனே நிறுத்த வேண்டும் என்பது அதன் குறிப்புத் தாளிலேயே இருக்கிறது. எனக்குக் குறிப்புத் தாளும் வரவில்லை, பெயரும் வரவில்லை. எதைத் தேடிப் படிப்பேன்? வெளிக்கடையில் அந்த மாத்திரை இதைவிட எவ்வளவோ மலிவு.

இடையில் கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார், லெட்ரோசோல் சாப்பிட்டுத்தான் நின்றது என்றாள். மையத்தில் கேட்டேன். "அது கேன்சர் மாத்திரை, கவர்மென்ட்டே தடை பண்ணது" என்றார்கள். பாதி உண்மை. லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. கருத்தரிப்புக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2011 அக்டோபரில் மத்திய அரசு தடை போட்டதும் உண்மை. அந்தத் தடை 2017இல் நீக்கப்பட்டுவிட்டது. அதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள்.

எட்டாவது மாதம் முட்டை வளர்க்கிற ஊசிக்கு மாற்றினார்கள். நாளுக்கு 150 யூனிட், ஒன்பது நாள். மருந்து அவர்கள் கடையில்தான் வாங்க வேண்டும். "வெளியில வாங்கினா நாங்க பொறுப்பில்ல" என்றார்கள். மூன்று மாதம் அப்படி.

ஊசி போடும் முறையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், கவனிக்கத் தெரிய வேண்டும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடியில் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே கரைக்கிற நீர் தனியாக. நீரை உறிஞ்சி, தூள் குப்பிக்குள் விட்டு, கரைந்ததும் திரும்ப உறிஞ்சிப் போடுவார்கள். ஒரே நீரில் இரண்டு மூன்று குப்பித் தூளைக்கூடக் கரைக்கலாம். அதனால் நீரை எண்ணிப் பயனில்லை, தூள் குப்பியை எண்ண வேண்டும். அதன் மேல் 75 என்றோ 150 என்றோ அச்சடித்திருக்கும்.

எனக்கு எண்ணத் தோன்றவில்லை. என் மகள்தான் எண்ணினாள். ஊசி போட்ட மூன்றாவது மாதம் பள்ளி விடுமுறை, கூடவே கூட்டிப் போனேன். குப்பியின் பச்சை பிளாஸ்டிக் மூடியை நர்ஸ் கட்டைவிரலால் தட்டிக் கழற்றி அவளிடம் கொடுப்பார். தினம் ஒன்று. பென்சில் டப்பாவில் சேர்த்துவைத்தாள். ஒன்பதாம் நாள் வீட்டில் தரையில் வரிசையாக அடுக்கி, "அம்மா, ஒன்பது" என்றாள். என் கையில் அந்த மாத பில் இருந்தது. 75 யூனிட் குப்பி, பதினெட்டு. ஒன்று 1,950 ரூபாய்.

மறுநாள் ஸ்கேனுக்குப் போனபோது நர்ஸிடம் கேட்டேன். "ஒரு குப்பியிலேயே 150 இருக்குக்கா" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த ட்ரேயில் வேறொருவருக்கு எடுத்து வைத்திருந்த குப்பியில் 75 என்று போட்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ட்ரே மேல் துணியை இழுத்துவிட்டார். ஒன்பது குப்பிக்கு 17,550 ரூபாய். முதல் இரண்டு மாதம் எத்தனை போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதையெல்லாம்விட என்னை உடைத்தது இரண்டாவது ஊசி மாதம் நடந்தது. திங்கள்கிழமை மாலை முட்டை வெடிக்கிற ஊசி போட்டார்கள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி, சிறுநீர் அட்டையில் பார்த்தார்கள். மெல்லிசாக இரண்டாவது கோடு. "பாசிட்டிவ்! ரொம்ப வீக்கா இருக்கு, தங்கறதுக்கு ஊசி போடணும்" என்றார்கள். பதினான்கு நாள், தினம் 1,100 ரூபாய். என் மாமியார் குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். மகளிடம்கூடச் சொல்லிவிட்டேன். ஊசி நிறுத்தியதும் தீட்டு வந்துவிட்டது. "கரு கலைஞ்சிடுச்சு, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்கள். நான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளாக அந்த மாதம் முழுக்க அழுதேன்.

அந்த முட்டை வெடிக்கிற ஊசியில் இருப்பது எச்.சி.ஜி. கர்ப்ப அட்டை தேடுவதும் அதே எச்.சி.ஜி.தான். ஊசி போட்டு எட்டாவது நாள் அட்டை வைத்தால், ஊசி மருந்தே கோடு காட்டலாம். உடம்பை விட்டு அது போக பத்து, பதினான்கு நாள்கூட ஆகும். அதற்குப் பிறகு ரத்தத்தில் பார்க்க வேண்டும், இரண்டு நாள் விட்டு மறுபடி பார்த்து அளவு ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு ஒருமுறைகூட ரத்தத்தில் பார்க்கவில்லை. கருத்தரிப்பு மையம் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

பதினோராவது மாதம் "இனி ஐ.வி.எஃப்.தான்" (சோதனைக்குழாய்க் குழந்தை முறை) என்று 1,60,000 ரூபாய் பேக்கேஜ் சொல்லி, பாதியை முன்பணமாகக் கேட்டார்கள். "அவருக்கு ஒண்ணும் டெஸ்ட் எடுக்கலையே?" என்று கேட்டேன். "ஒரு குழந்தை இருக்கே மேடம், அவருக்கு என்ன பிரச்னை இருக்கப்போகுது?" என்று பதில் வந்தது. அன்றோடு வெளியே வந்துவிட்டோம்.

திருச்சியில், அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். நான் கவர்களை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. "மாத்திரை கிடக்கட்டும்மா. உனக்கு மாசாமாசம் சரியா வருதா?" 28, 29 நாளில் வந்துவிடும் என்றேன். "அப்ப முட்டை தானா வருது. 21ஆம் நாள் ரத்தத்துல பாத்து உறுதி பண்ணிக்கலாம். வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்க?"

என் கணவருக்கு அணுக்கள் மில்லிலிட்டருக்கு 70 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். ஓட்டமும் குறைவு. முதல் குழந்தை பிறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது, அதற்குள் எவ்வளவோ மாறலாம் என்றார் டாக்டர். விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. நாள் முழுக்க வெல்டிங் சூட்டில் நிற்பதையும் குறைக்கச் சொன்னார். எனக்குத் தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனையில் 7.8, அது அதிகம். மகள் பிறந்தபோது போட்ட தைராய்டு மாத்திரையை நான் பாதியில் விட்டிருந்தேன், பதினோரு மாதத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பரிசோதனைக்கும் சேர்த்து ஆன செலவு ஆயிரத்துச் சொச்சம்.

பிறகுதான் மருந்துகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறவர்கள், சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறவர்கள், அவர்களுக்குத்தான் முட்டை வளரும் மாத்திரை முதலில் கைகொடுக்கும். அதிலும் இப்போது லெட்ரோசோல்தான் முதல் தேர்வு. அமெரிக்காவில் நீர்க்கட்டி உள்ள 750 பெண்களிடம் அதையும் குளோமிஃபீனையும் ஒப்பிட்டுப் பார்த்து 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். லெட்ரோசோலில் நூற்றுக்கு 27 பேருக்குமேல் குழந்தை பிறந்தது, குளோமிஃபீனில் 19. என் நாத்தனாருக்கு அது சரியாக அமைந்ததற்குக் காரணம் அவளுக்கு நீர்க்கட்டி. என்னைப்போல முட்டை தானாக வருகிறவர்களுக்கு வெறும் மாத்திரையால் பெரிய பலன் இல்லை. காரணம் தெரியாத குழந்தையின்மைக்கு இந்த மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 2013 வழிகாட்டுதலிலேயே இருக்கிறதாம். குளோமிஃபீன் கொடுத்தாலும் 50 மில்லிகிராமில் தொடங்கி, பொதுவாக ஆறு மாதத்தோடு நிறுத்துவார்கள். அது சிலருக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரை மெலியவும் வைக்கும். எனக்கு மெலிந்திருந்தது, பழைய ஸ்கேன் தாள்களில் அவரே காட்டினார்.

ஊசியைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கோபப்பட்டார். ஒரு ஸ்கேனில் நாலு முட்டை பெரிதாக வளர்ந்திருந்தும் வெடிக்கிற ஊசி போட்டிருந்தார்கள். "சிசேரியன் தழும்பு இருக்கற வயிறு. மூணு குழந்தை நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?" இரண்டாவது குழந்தைக்கு முயல்கிறவர்கள் பலருக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஊசி போட்ட பிறகு வயிறு உப்பி, ஓரிரு நாளில் எடை கூடி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.

இப்போது நான் தைராய்டு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன், டி.எஸ்.எச். 2.1க்கு வந்துவிட்டது. கருக்குழாய்ப் பரிசோதனையில் இரண்டு பக்கமும் அடைப்பில்லை. கணவர் வெல்டிங்கை விட்டு ஃபிட்டிங் பக்கம் மாறிக்கொண்டார். அணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதம்போல ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தோம். 1 கோடியே 30 லட்சம். தை வரைக்கும் பார்ப்பது, நிற்காவிட்டால் கணவரின் விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. செய்வது என்று பேசிவைத்திருக்கிறோம்.

35 வயதுக்குள் இருந்தால் ஒரு வருடமும், தாண்டிவிட்டால் ஆறு மாதமும் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள், கூச்சப்பட்டு இரண்டு வருடம் விடாதீர்கள். கணவருக்கும் பரிசோதனை எடுக்காமல் ஒரு மாத்திரைகூட விழுங்காதீர்கள். மருந்தை அட்டையோடு, பில்லோடு கேளுங்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐ.யு.ஐ., ஐ.வி.எஃப். செய்கிற இடங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். நான் போன இடத்தில் சுவர் முழுக்கக் குழந்தை படம்தான் இருந்தது.

கோப்பு தர முடியாது என்றுதான் முதலில் சொன்னார்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதி இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஐந்தாம் நாள் வந்தது. நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் மருந்து ஆய்வாளரிடமும் புகார் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், மனு தயாராகிறது. வக்கீல் பில், கோப்பு, காகிதக் கவர், எல்லாவற்றையும் கேட்டார். பச்சை மூடிகளையும் கேட்டார். மகளின் பென்சில் டப்பாவைத் திறந்து பார்த்தேன், எட்டுதான் இருந்தது. ஒன்றைப் பள்ளியில் அவள் தோழிக்குக் கொடுத்துவிட்டாளாம். திங்கட்கிழமை திரும்ப வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.