ஜான் ஜே. ஹார்வி: 1931-ஆம் வருடத்துத் தீயணைப்புப் படகில் ஒரு பயணம்

நியூயார்க்கில் இருப்பவர்களுக்கும் கோடையில் வந்துபோகிறவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹட்சன் ஆற்றில் ஒரு படகு ஏறத்தான் போகிறீர்கள் என்றால், ஜான் ஜே. ஹார்வி எப்போது பொதுமக்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது என்று விசாரித்து அதில் ஏறுங்கள். நாங்கள் ஹார்வியில் போனதற்கு முந்தைய வாரம்தான் வேறொரு சுற்றுலாப் படகில் காசு கொடுத்துப் போய், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் ஓடிய பதிவைக் கேட்டுவிட்டுக் கொட்டாவியோடு இறங்கியிருந்தோம். ஹார்வியில் ஏறிய பத்தாவது நிமிடமே என் பெண் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போன பயணத்துக்குக் கட்டணம் கிடையாது, முன்பதிவு மட்டும்தான், இறங்கும்போது விருப்பப்பட்டவர்கள் நன்கொடை போட்டார்கள்.

படகைப் பற்றிக் கொஞ்சம். 130 அடி நீளம், சிவப்பும் வெள்ளையும், புரூக்ளினில் கட்டி 1931-இல் தண்ணீரில் இறக்கினார்கள். ஜான் ஹார்வி என்பவர் நியூயார்க் தீயணைப்புத் துறையில் படகோட்டியாக இருந்தவர். 1930-இல் மூன்சென் என்ற ஜெர்மன் கப்பல் ஹட்சன் துறையில் தீப்பிடித்து வெடித்தபோது அணைக்கப் போன இடத்தில் உயிர் போனது. அடுத்த வருடம் வந்த படகுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுவரை இந்த நகரத்தின் தீயணைப்புப் படகுகள் எல்லாமே நீராவியில் ஓடியவை. நீராவிப் படகு என்றால், தீ எங்கே எப்போது பிடிக்கும் என்று தெரியாததால், ராத்திரி பகல் கொதிகலன் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தொல்லை இல்லாமல் இன்ஜினில் ஓடிய முதல் படகு இதுதான்.

சரி, ஒரு ஊருக்குத் தீயணைப்புப் படகு எதற்கு என்று கேட்டால், 1800-களின் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். மரத்தால் ஆன துறைகள், அவற்றின்மேல் பஞ்சு மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாயும் நிறைந்த கிடங்குகள், பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் கப்பல்கள். குதிரை வண்டியில் பம்பு கொண்டுவருகிறவர்களால் கரைப் பக்கத்திலிருந்து மட்டும்தான் நெருங்க முடியும், தீயோ துறைக்கு அடியில் மரத்தூண்களுக்கு இடையில் எரிந்துகொண்டிருக்கும். அதனால்தான் பாஸ்டன் 1873-இலும் நியூயார்க் 1875-இலும் இதற்கென்றே படகு கட்டிக்கொண்டன. ஹார்வி அந்த வம்சத்தில் வந்தது.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். நடு ஆற்றுக்குப் போனதும் இன்ஜின் சத்தம் மாறியது, கால் வழியாகவே உணர முடிந்தது. முன்னால் இருந்த நீர்ப்பீரங்கியில் முதலில் ஒரு இருமல் மாதிரி சத்தம், துருக்கலரில் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் திடீரென்று வெள்ளைத் தூணாக மேலே எழும்பி, காற்று எங்கள் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து மொத்தமும் தலையில் கொட்டியது. ஆற்றுத் தண்ணீர்தான், உதட்டில் லேசாக உப்புக் கரித்தது. நிமிடத்துக்கு 18,000 கேலன் இறைக்கக்கூடிய படகு இது, அதாவது சுமார் 68,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஐந்தாறை ஒரே நிமிடத்தில் காலி செய்கிற வேகம். தெருவில் போகும் தீயணைப்பு வண்டி ஒன்று நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் கேலன் இறைத்தாலே பெரிது.

ஆனால் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது கீழே இருக்கிறது. இயந்திர அறைக்கு ஒரு செங்குத்தான இரும்பு ஏணியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்க வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் மேலேயே இருப்பது நல்லது. இறங்கியதும் டீசல் வாசனையும் சூடும் முகத்தில் அடிக்கும். வரிசையாக ஐந்து டீசல் இன்ஜின்கள். அவை ஜெனரேட்டர்களைச் சுற்ற, அந்த மின்சாரத்தில்தான் புரொப்பல்லர் மோட்டார்கள் ஓடுகின்றன. எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம் என்னவென்றால், மேலே சுக்கானைப் பிடித்திருப்பவர் கையில் வேகம் இல்லை. அவர் கீழே கட்டளை அனுப்பும் டெலிகிராஃப் கைப்பிடியைத் திருப்புவார், கீழே டிங் என்று மணி அடித்து முள் நகரும், பித்தளைப் பிடிகளுக்கு முன்னால் நிற்கும் இன்ஜினியர் பதிலுக்குத் தன் பக்க முள்ளைத் திருப்பிவிட்டு அப்புறம்தான் பிடியைத் தள்ளுவார். கரையை ஒட்டும்போது அந்த மணி ஓயவே இல்லை. அவருக்கு ஆறும் தெரியாது, துறையும் தெரியாது, மணியை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய படகைத் துறையில் கொண்டுபோய் ஒட்டினார். பிடிகளின் நுனியில் மட்டும் பித்தளை தேய்ந்து பளபளவென்று இருந்தது. நான் அங்கேயே கால் மணி நேரம் நின்றுவிட்டேன்.

1942 பிப்ரவரியில் நார்மண்டி என்ற பிரம்மாண்டமான பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் மன்ஹாட்டன் துறையில் எரிந்தபோது ஹார்வியும் அங்கே இருந்தது. தீ அணைந்தது, ஆனால் மேல்தளங்களில் நிரம்பிய தண்ணீரின் பாரம் தாங்காமல் அன்று ராத்திரியே கப்பல் சாய்ந்து கவிழ்ந்துவிட்டது. கப்பல் தீயில் எவ்வளவு தண்ணீர் அடிக்கிறோம் என்பதோடு, அது எங்கே போய்த் தேங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று தீயணைப்பு வீரர்கள் இன்றைக்கும் சொல்வது இப்படிக் கண்ணெதிரே பார்த்துக் கற்றது.

1994-இல் ஹார்விக்கு ஓய்வு கொடுத்தார்கள். உடைத்து இரும்பாகப் போயிருக்க வேண்டியதை 1999-இல் சில நண்பர்கள் சேர்ந்து ஏலத்தில் 28,010 டாலருக்கு எடுத்து, தாங்களே சுரண்டி, வண்ணம் பூசி, ஓட வைத்தார்கள். வாங்கி இரண்டரை வருடம்தான் ஆகியிருக்கும், 2001 செப்டம்பர் 11 வந்தது. முதலில் மன்ஹாட்டனின் தென்முனையில் சிக்கிய சுமார் 150 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அப்போதுதான் தீயணைப்புத் துறை, ஆட்களை இறக்கிவிட்டுத் தண்ணீர் இறைக்க வாருங்கள் என்று அழைத்தது. உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்ததில் தெருவுக்கு அடியில் இருந்த பிரதானக் குழாய்கள் உடைந்துபோய், தெருவோரத் தீயணைப்புக் குழாய்களான ஹைட்ரண்ட்களில் தண்ணீரே இல்லை. தீயணைப்புத் துறையின் ஃபயர் ஃபைட்டர், ஜான் டி. மெக்கீன் என்ற இரண்டு படகுகளோடு இந்த ஓய்வு பெற்ற படகும் கரைச்சுவரை ஒட்டி நின்று, ஆற்றை உறிஞ்சி ஹோஸ் வழியாக உள்ளே அனுப்பியது. 80 மணி நேரம். அந்த நாட்களில் அதற்கு மரைன் 2 என்ற பழைய பணிப் பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்கு இந்தப் பயணத்தில் உறைத்தது இதுதான். வானத்தில் நீர்வளையம் போடுவதைப் பார்த்துவிட்டு இதை ஒரு வேடிக்கைப் படகு என்று நினைத்துவிடுகிறோம், இதன் உண்மையான வேலை நகரத்தின் குழாய்கள் கைவிடும்போது மிதக்கும் ஹைட்ரண்டாக நிற்பது. சான் பிரான்சிஸ்கோவில் 1989 நிலநடுக்கத்தில் மரினா பகுதி எரிந்தபோதும் இதேதான் நடந்தது. பூமிக்குள் குழாய்கள் முறிந்துவிட்டன, ஃபீனிக்ஸ் என்ற படகு விரிகுடாத் தண்ணீரைக் கரைக்கு ஏற்றித்தான் தீ பரவாமல் நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட படகை விற்றுவிடலாமா, செலவு மிச்சமாகுமே என்பது ஊர் நிர்வாகங்களில் நடக்கிற பேச்சுதான். அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

இன்றைய படகையும் பார்த்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். 2010-இல் பணிக்கு வந்த த்ரீ ஃபார்ட்டி த்ரீ, செப்டம்பர் 11-இல் இறந்த 343 தீயணைப்புத் துறையினரின் நினைவாகப் பெயர் பெற்றது, உலக வர்த்தக மையத்தின் இரும்புத் துண்டு ஒன்றும் அதனுள் இருக்கிறது. 140 அடி, 2.7 கோடி டாலர், நிமிடத்துக்கு 50,000 கேலன், ஹார்வியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நச்சுப் புகையோ கதிர்வீச்சுத் தூசியோ உள்ள இடத்துக்குப் போனாலும் உள்ளே இருப்பவர்கள் வடிகட்டிய காற்றைச் சுவாசிக்க அழுத்தம் ஏற்றிய அறைகள், எண்ணெய்த் தீக்கு நுரை, எல்லாம் உண்டு. ஆனால் அது பணியில் இருக்கும் படகு, நினைத்த நேரத்தில் ஏறிப் பார்க்க முடியாது. ஹார்வியில் ஏறலாம், தொடலாம், கேட்கலாம். கேட்டால் தன்னார்வலர்கள் சளைக்காமல் சொல்கிறார்கள். எங்களோடு வந்த வயதான ஒருவர் பம்பைப் பற்றி நான்கு கேள்வி கேட்டார், நான்குக்கும் உட்கார்ந்து படம் வரைந்து காட்டினார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மாற்றுத் துணி எடுத்துப் போங்கள், சின்னக் குழந்தை என்றால் இரண்டு செட். டெக் ஈரமாகிவிடும், வழுக்காத ஷூ அவசியம். போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இயந்திர அறையில் காதை அடைக்கும் சத்தம், பஞ்சாவது கொண்டுபோகலாம். சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். கரை நெருங்கும்போது எல்லாரும் படம் எடுக்க மேலே கூடுவார்கள், அந்த நேரத்தில் நீங்கள் மட்டும் கீழே இறங்கி இன்ஜினியருக்குப் பின்னால் ஓரமாக நின்று அந்த மணியைக் கேளுங்கள்.